நெவ்வின் 'பரவால்ல'

ஒரு சொல்லைக் கேட்டால் எனக்கு உச்சந்தலை வரை எரியும். 'பரவால்ல.' கல்யாணம் ஆன நாளிலிருந்து என் புருஷன் நெவ் வாயால் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எப்படி இருக்கே நெவ்? பரவால்ல. கறி வெந்திருக்கா? பரவால்ல. எங்கள் மகள் கெரின் பிறந்தபோது, ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அலறி நான் பெற்ற பிள்ளையைத் துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தார்கள். குனிந்து பார்த்தான். கண் நிறையத் தண்ணீர். "பரவால்லியே," என்றான். நர்ஸ் சிரித்துவிட்டாள். எனக்கு மட்டும் எழுந்து உட்காரத் தெம்பு இருந்திருந்தால் அன்றைக்கே அவனை நாலு சாத்து சாத்தியிருப்பேன்.

இவன் ஒருத்தன் மட்டும் என்றால் என் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். எங்கள் ஊர் டாரில் க்ரீக்கில் ஆம்பளை என்று பிறந்த அத்தனை பேரும் இந்த லட்சணம்தான். கூரை ஒழுகுதே என்றால் "அதெல்லாம் சரியாப் போயிடும்." டிராக்டரில் புகை வருதே என்றால் "அதெல்லாம் சரியாப் போயிடும்." யார் வந்து சரி பண்ணுவார்கள், வானத்திலிருந்து யாராவது இறங்கி வருவார்களா? டீ போடட்டுமா என்று கேட்டால் "ஆமாமா, இல்ல, வேணாம்" என்பார்கள். ஒரு கேள்விக்கு மூன்று பதில். கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நான் அடுப்பங்கரையில் முழிக்க வேண்டும்.

வெள்ளம் வந்த வருஷம் வானொலியிலிருந்து போன் பண்ணி, உங்கள் பக்கம் நிலைமை எப்படி என்று கேட்டார்கள். "கொஞ்சம் ஈரமா இருக்கு," என்றான் நெவ். அப்போது நான் சாப்பாட்டு மேஜைமேல் நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். இன்னொரு தரம் பால்கொட்டகையின் இரும்புக் கதவு அவன் பாதத்தில் விழுந்து எலும்பு நொறுங்கிப் போயிற்று. பூட்ஸை வெட்டித்தான் காலை வெளியே எடுத்தார்கள். அதற்கு அவன் வைத்த பெயர் 'லேசா உரசிடுச்சு.'

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், போன அக்டோபரில் இந்தப் பாழாய்ப்போன 'பரவால்ல' அவனைக் கொண்டுபோகப் பார்த்தது.

கன்று போட்ட மாடுகள் எல்லாம் மடி நிறையப் பால் வைத்திருந்த நேரம். காலைக் கறவை முடித்து நெவ் வீட்டுக்கு வந்தான். வழக்கமாக வரும்போதே முட்டை வாசனை பிடித்துக்கொண்டு வருவான். அன்றைக்குப் பின்வாசல் படியில் உட்கார்ந்தவன், ஒரு பூட்ஸைக் கழற்றிவிட்டு அப்படியே இருந்தான். இன்னொன்று காலிலேயே கிடந்தது. நான் முட்டையைத் தட்டில் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். முகம் சாம்பலாக இருந்தது. குளிரில் வாயிலிருந்து ஆவி பறக்கிறது, நெற்றியில் மட்டும் வேர்வை வழிகிறது.

"என்ன பண்ணுது நெவ்?"

"பரவால்ல."

"கையை ஏன் தேய்ச்சுக்கிறே?"

"கன்னுக்குட்டியைத் தூக்கினேன்ல, பிடிச்சுக்கிச்சு."

"தாடையையும் கன்னுக்குட்டியாலதான் தேய்ச்சுக்கிறியா?"

மூச்சை இழுத்து இழுத்து விட்டான். போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பேசிய பெண் விவரம் கேட்டாள், வண்டி கிளம்புகிறது என்றாள், ஆஸ்பிரின் இருந்தால் ஒன்றைக் கடித்து மெல்லச் சொல்லுங்கள், போனை அவரிடம் கொடுங்கள், நான் பேசிக்கொண்டே இருக்கிறேன் என்றாள். நல்ல பெண். நான்தான் மடச்சி, போனை இவன் கையில் கொடுத்துவிட்டு மாத்திரை தேடக் குளியலறைக்கு ஓடினேன்.

திரும்பி வந்தால் போன் படியில் கிடக்கிறது. பேச்சு முடிந்திருந்தது.

"என்னடா சொன்னே அவகிட்ட?"

"வேணாம்னு சொல்லிட்டேன்."

"என்னது?"

"பாவம், தங்கமான பொண்ணு. எப்படி இருக்கீங்கன்னு கேட்டா. பரவால்ல கண்ணு, என் பொண்டாட்டி கொஞ்சம் பதறுவா, நீ தப்பா எடுத்துக்காதேன்னேன். நிஜமா முடியாதவங்க எத்தனை பேர் இருப்பாங்க, வண்டியை அவங்களுக்கு அனுப்புன்னு சொன்னேன்."

கடவுளே! சாகக் கிடக்கிற மனுஷன் தன் ஆம்புலன்ஸை அடுத்தவனுக்குத் தானம் பண்ணியிருக்கிறான். மரியாதையாகவும் பண்ணியிருக்கிறான். மாத்திரையை அவன் வாயில் திணித்துவிட்டு மறுபடி போன் போட்டேன். அந்த வண்டி கடற்கரைப் பக்கம் ஒரு விபத்துக்குத் திரும்பிவிட்டதாம். அடுத்தது வர ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். எங்கள் வீட்டிலிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்கு அரை மணிப் பாதை. காரில் ஏறு நெவ், நான் ஓட்டுகிறேன் என்றேன்.

"கொஞ்சம் உட்கார்ந்தா சரியாப் போயிடும்."

"ஏறுன்னா ஏறு!"

"சும்மா ஒரு வாய்வுப் பிடிப்புக்கு டாக்டருங்க நேரத்தை வீணாக்கச் சொல்றியா, நோல்?" நோயலீன் என்ற என் பெயரை அவன் அப்படித்தான் சுருக்குவான்.

கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். எருது மாதிரி ஆள், அசைந்து கொடுக்கவில்லை. திட்டினேன், கெஞ்சினேன், அவன் அம்மாவை இழுத்துப் பேசினேன். பக்கத்துப் பண்ணை வரைக்கும் என் குரல் கேட்டிருக்கும். கடைசியில் அந்தப் பக்கத்துப் பண்ணைக்கே போன் பண்ணினேன். க்ளைவ் நெவ்வோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவன், ஒன்றாகக் கால்பந்து ஆடியவன், நான் இவனைப் பார்ப்பதற்கு முன்னாலிருந்தே இவனுக்குச் சிநேகிதன். "நெவ்வுக்கு நெஞ்சு வலி, உடனே வா," என்றேன். பண்ணை வண்டியைச் சேற்றில் வழுக்க வழுக்க ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

வந்தவன் என்ன செய்தான் தெரியுமா? தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, வாசல் கம்பத்தில் சாய்ந்து நின்றான்.

"எப்படி இருக்கே மாப்ள?"

"பரவால்ல. நீ?"

"குறை சொல்ல ஒண்ணுமில்ல."

இரண்டு பேரும் மலைப் பக்கம் பார்த்தார்கள்.

"மழை வரும்போல," என்றான் க்ளைவ்.

"வரலாம்."

"வராமலும் போகலாம்."

"அதுவும் சரிதான்."

அப்புறம் இந்த மகானுபாவன் என் பக்கம் திரும்பி, "பரவால்லன்னுதானே சொல்றான், நோயலீன்," என்றான்.

அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். "உனக்குக் கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? அவன் மூஞ்சியைப் பார்த்தியா? உதடு நீலம் பாரிச்சுக் கிடக்கு!"

"பார்த்தேன்," என்றான் க்ளைவ். அப்போதுதான் கவனித்தேன், அவனும் வெளிறிப் போயிருந்தான்.

"பார்த்துட்டு மழையைப் பத்திப் பேசுறியா?"

"வேற என்ன பேசறது? நல்லா இருக்கேன்னு சொல்ற மனுஷன்கிட்ட, இல்லடா நீ நல்லா இல்லன்னு எப்படிச் சொல்றது? அவனைக் குழந்தை மாதிரி தூக்கிட்டா போக முடியும்? அவன் அப்புறம் என் முகத்துலயே முழிக்க மாட்டான்."

"செத்துட்டா மட்டும் முழிப்பானா?"

க்ளைவ் தொப்பியைக் கையில் எடுத்துக் கசக்கினான். எனக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, அவன் தோளில் விழுந்து அழவும் தோன்றியது. இரண்டுக்கும் நேரமில்லை. அங்கே என் மனுஷன் படியில் உட்கார்ந்து ஒவ்வொரு மூச்சாக எண்ணி விட்டுக்கொண்டிருக்கிறான். இந்த இரண்டு தடியன்களையும் எந்தச் சாவி போட்டுத் திறப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

தனக்கென்றால் நெவ் ஒரு டம்ளர் தண்ணீர்கூட யாரையும் கேட்க மாட்டான். ஆனால் அடுத்தவன் வந்து ஒரு கை கொடு என்று கேட்டு, இவன் முடியாது என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை. எங்கள் கல்யாணத்தன்றே மோதிரம் மாற்றிய கையோடு யாரோ ஒருத்தனின் பள்ளத்தில் மாட்டிய வண்டியைத் தள்ளப் போனவன் அவன். விருந்தில் நான் தனியாகக் கேக் வெட்டினேன்.

"அவன்கிட்ட உதவி கேளு," என்றேன்.

"எனக்கென்ன உதவி வேணும்?"

"எதையாவது கேளு, க்ளைவ்! டவுன்ல உனக்கு ஒரு வேலை இருக்குன்னு சொல்லு. இவன் வந்தாத்தான் ஆகும்னு சொல்லு. வண்டில ஏறட்டும், மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

க்ளைவ் திரும்பிப் போனான். நெவ் முன்னால் போய் நிற்கும்போது பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கப் போகிறவன் மாதிரி இருந்தான்.

"மாப்ள. ஒரு கை குடுக்க முடியுமா? டவுன்ல ஒரு ஃப்ரீசரை இறக்கணும். பெரிய ஃப்ரீசர். என் முதுகு ஒத்துழைக்க மாட்டேங்குது."

நெவ் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்த மாதிரி எனக்குப் பட்டது. பிறகு, "அதுக்கென்ன, ஒண்ணும் பிரச்சனை இல்ல," என்று கழற்றிய பூட்ஸைத் தேடினான். குனிய முடியவில்லை. நான் மண்டிபோட்டு மாட்டிவிட்டேன். கம்பத்தைப் பிடித்து, சுவரைப் பிடித்து, வண்டிக் கதவைப் பிடித்து ஏறினான். நெஞ்சில் அடைப்பை வைத்துக்கொண்டு ஃப்ரீசர் தூக்கக் கிளம்பிய முட்டாளை இந்த உலகத்தில் வேறு எங்கே பார்க்க முடியும்? நல்லவேளை முட்டாளாக இருந்தான் என்று கும்பிட்டுக்கொண்டே நடுவில் ஏறி உட்கார்ந்தேன்.

க்ளைவ் அந்த வண்டியை அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. வளைவில் பால் லாரியை முந்தினான். நான் நெவ்வின் கையைப் பிடித்திருந்தேன், ஜில்லென்று ஈரமாக இருந்தது. அவன் தலையைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடியபடி கேட்டான்.

"யாரோட ஃப்ரீசர்?"

"தெரிஞ்சவங்களோடது," என்றான் க்ளைவ்.

"எந்த மாடிக்கு?"

"மாடியா? மாடியெல்லாம் இல்ல. தரைதான். ஒரே ஒரு படி."

"சரி."

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு வாசலில் வண்டி நின்றது. இங்கே எதற்கு என்று நெவ் கேட்கவில்லை. கேட்கிற நிலையிலும் அவன் இல்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி உள்ளே கொண்டுபோனோம். முன்மேஜையில் இருந்த நர்ஸ் சின்னப் பெண், ஊருக்குப் புதுசு. சிரித்த முகமாக, "வாங்க, எப்படி இருக்கீங்க?" என்றாள்.

நெவ் நிமிர்ந்தான். நிமிர்வதற்கே அவனுக்கு உயிர் போயிருக்கும். "பரவால்ல கண்ணு. நீ எப்படி இருக்கே?"

"நான் நல்லா இருக்கேன். வலி இருக்கா? ஒண்ணுன்னா லேசு, பத்துன்னா தாங்கவே முடியாது. எவ்வளவு சொல்வீங்க?"

நெவ் யோசித்தான். ஆமாம், நின்று நிதானமாக யோசித்தான். "ரெண்டு," என்றான். பிறகு பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ, "ரெண்டரை," என்றான்.

அந்தப் பெண் குனிந்து கணினியில் தட்டப் போனாள்.

"நிறுத்து!" என்றேன். அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை தலையும் திரும்பியது. "அந்த ஆளு சொல்ற எதையும் அதுல ஏத்தாதே! ரெண்டரைன்னா உனக்கு என்னன்னு தெரியுமா? பாதம் பொடிப்பொடியா நொறுங்கி ரத்தம் கொட்டினப்போ ஒண்ணுன்னு சொன்ன மனுஷன் இவன். கொட்டகை மேலேருந்து விழுந்து விலா எலும்பு உடைஞ்சப்போ ஒன்றரை. இன்னிக்குத்தான் முதல்முறையா ரெண்டைத் தாண்டியிருக்கான். பரவால்லன்னு சொல்றான்ல, அப்படின்னா செத்துக்கிட்டிருக்கான்னு அர்த்தம்!"

"நோல், அந்தப் பொண்ணைப் போட்டு ஏன்…" என்று ஆரம்பித்த நெவ் முடிக்கவில்லை. முழங்கால் மடங்கிற்று. க்ளைவ் அவனை அக்குளில் கை கொடுத்துப் பிடித்தான். அந்தப் பெண் மேஜையைச் சுற்றி ஓடிவந்தாள், எங்கேயோ மணி அடித்தது, நாலைந்து பேர் படுக்கையோடு வந்தார்கள், சட்டையைக் கிழித்தார்கள். கதவு மூடிக்கொண்டது. அவன் தொப்பி மட்டும் என் கையில் இருந்தது.

அப்புறம் காத்திருப்பு. காத்திருக்கிற இடத்தில் சொல்வதற்கென்றே சில பேர் சில வார்த்தைகளை மூட்டை கட்டிக்கொண்டு அலைகிறார்கள். டீ கொண்டுவந்த ஒரு அம்மாள் என் தோளைத் தட்டி, "எது நடந்தாலும் ஒரு காரணத்தோடதான் நடக்கும்," என்றாள். என்ன காரணம் என்று சொல்லிவிட்டுப் போங்கள் என்றேன். டீயை வைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டாள். கெரின் மெல்போர்னிலிருந்து போனில், "பாஸிட்டிவா இரும்மா," என்றாள். வைத்துவிட்டேன். க்ளைவ் ஒருத்தன்தான் வாயைத் திறக்கவில்லை. மழை ஈரம் சொட்டச் சொட்டச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நடுவில் ஒரு தரம் எழுந்தவன், "மாட்டைக் கறக்கணும்," என்றான். "உங்க மாட்டையும்." போய்விட்டான். அன்றைக்கு என்னிடம் யார் யாரோ சொன்னதில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்.

டாக்டர் வெளியே வந்தார். இதயத்துக்குப் போகிற பெரிய குழாய் முழுசாக அடைத்திருந்ததாம், திறந்துவிட்டார்களாம். "இன்னும் கொஞ்ச நேரம் வீட்டுலயே இருந்திருந்தா…" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை அவர் சொல்லாமல் விட்டது நல்லது. நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மறுநாள் மதியம் என்னை அவன் பக்கத்தில் உட்கார விட்டார்கள். முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. மேலெல்லாம் கம்பி. நான் ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த திட்டு ஒன்றுகூட அந்த நேரத்துக்கு வாயில் வரவில்லை. போர்வையை இழுத்து இழுத்துச் சரிபண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஃப்ரீசர்னு ஒண்ணும் கிடையாது, நெவ்," என்றேன் கடைசியில். "நான்தான் க்ளைவைப் பொய் சொல்லச் சொன்னேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"க்ளைவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னா காது ரெண்டும் சிவந்துடும். அவன்கிட்ட சீட்டாட்டத்துல நான் தோத்ததே இல்ல."

நான் போர்வையை விட்டுவிட்டேன். "தெரிஞ்சா ஏறுனே?"

தலையாட்டினான்.

"அப்போ ஏன் ஏறுனே?"

ஜன்னலைப் பார்த்தான். இப்போது மழையைப் பற்றி ஏதாவது சொல்லப் போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"பயமா இருந்துச்சு, நோல்," என்றான். "ரொம்ப பயமா இருந்துச்சு."

இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. நெஞ்சு பொங்கி வந்தது, கூடவே கோபமும் வந்தது. "இதை என்கிட்ட சொல்றதுக்கென்ன? படியில உட்கார வச்சுத் தொண்டை கிழியக் கேட்டேனே! பாவி, அவனோட பொய்க்கு எந்திரிச்சு வந்தே, நான் கேட்டதுக்கு ஒரு பதில் வரல!"

"நீ கத்திக்கிட்டு இருந்தே."

"கத்தாம கொஞ்சவா செய்வாங்க?"

"அதில்ல." பேசுவது அவனுக்குச் சிரமமாக இருந்தது. விட்டு விட்டுப் பேசினான். "நீ கோபத்துல கத்துற ஆளு கிடையாது. பயந்தாத்தான் கத்துவே. வெள்ளத்தப்போ கத்துனே. கெரின் ஜுரத்துல கிடந்தப்போ கத்துனே. நேத்து நீ கத்துனதுல… இவ ஏற்கெனவே இவ்வளவு பயந்து கிடக்கிறா, நானும் சொல்லிட்டா தாங்க மாட்டாளேன்னு இருந்துச்சு. அதான் சொல்ல வரல."

நான் போட்ட சத்தத்தையெல்லாம் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுகிறான் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

"பேசாதே," என்றேன். "டாக்டர் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. கண்ணை மூடு. தூங்கு. தூங்குன்னா தூங்கு!"

பக்கத்துப் படுக்கைக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். நெவ் கண்ணை மூடிக்கொண்டான், என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். நான் அழுதுகொண்டே இன்னும் கொஞ்ச நேரம் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.